பதின்மூன்று செவ்வாய்

பிளாக்ஹவுஸ் பே, ஓக்லாந்து
9 மார்ச் 1997

யேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜெனுஷாவுக்கு,

நான், உன் எமில் அத்தான், மகள் மூவரும் சுகம். நீயும் கிரிஷான் தம்பியும் பாரிசில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

பாஸ்போட் வந்துவிட்டது. கருநீல அட்டை, பொன் எழுத்து. உள்ளே மன்னாரில் பிறந்தவள் என்று இருக்கிறது, வெளியே நியூசிலாந்துக்காரி என்று இருக்கிறது. அத்தான் அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷம் அடைகாத்துப் பொரிச்ச குஞ்சு" என்றார். அவருக்கு எதற்கெடுத்தாலும் பகிடிதான்.

உங்கள் பக்கத்து நாடுகள் எதற்கும் இந்தப் புத்தகத்துக்கு விசா தேவையில்லையாம். ஆகவே மே மாதக் கடைசியில் வருகிறேன். பென்ரோஸ் தொழிற்சாலையில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த நாட்டுக்கு என்று சுப்பவைசர் கேட்டான். ஐந்து நாடு என்றேன். பிஸ்கட் பெட்டி அடுக்குகிறவளுக்கு ஐந்து நாடா என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும். உன்னைக் கண்டு எட்டு வருஷம். அம்மாவின் கண்ணுக்காக லூர்து மாதாவிடம் போவதாய் நேர்ந்த நேர்த்தியும் அப்படியே கிடக்கிறது.

அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பேப்பர் இந்தக் கிழமை கொடுத்தோம். என் பாஸ்போட்டின் பிரதிதான் அதில் முதல் தாள். அசலை எந்த நேரம் கேட்டாலும் காட்டவேண்டுமாம். அம்மா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இராசமலர் அன்ரி வீட்டு அறையில் இருந்துகொண்டு, ஆமி சோதனைக்கு வரும்போதெல்லாம் பொலிஸ் பதிவுத் துண்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறா. வலக்கண்ணை வெண்படலம் மூடிவிட்டது, இடக்கண்ணும் மங்குகிறதாம். கண் முழுதாய்ப் போகமுன்னம் வந்து என் மகளின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறா. எழுத்து வரி விட்டு வரி ஓடுகிறது.

என்ன கொண்டுவர என்று எழுது.

உன் அக்கா
ஸ்ரெல்லா

*

லா கூர்னேவ், பாரிஸ்
27 மார்ச் 1997

ஆசை அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டில் இடித்தாள். நாங்கள் சுகம். அத்தானுக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லவும்.

புறுசெல்சு, ஆம்ஸ்ரடாம், கொலோன், பாசல், பிறகு திரும்பி வந்து லூர்து. இதுதான் கிரிஷான் போட்ட வழி. எனக்கும் அகதிப் பயணப் புத்தகம் இருக்கிறபடியால் நானும் வரலாம். கொஞ்சம் கூடுதலாய்ச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் ராணி மாதிரி முன்னால் போங்கள், நான் தோழி மாதிரிப் பின்னால் வருகிறேன்.

எங்கள் வீட்டில் கிரிஷானின் தங்கச்சி தர்சிகாவும் இருக்கிறா. நல்ல பிள்ளை. அவவின் அகதி வழக்கை இரண்டாம் முறையும் தள்ளிவிட்டார்கள். பகலில் வெளியே போவதில்லை. உங்களைப் போலவே நீள முகம், அதே சிரிப்பு. கண்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

அந்த ஊர்த் தேன் ஒரு போத்தல், கம்பளிச் சட்டை ஒன்று. வேறொன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.

என்றும் உங்கள்
ஜெனுஷா

*

பிளாக்ஹவுஸ் பே
29 யூன் 1997

யேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தேன். கிரிஷான் தம்பியையும் தர்சிகாவையும் கேட்டதாய்ச் சொல். பாஸ்போட் இல்லாமல் தூதரகம் தந்த ஒற்றைத் தாளோடு வந்து இறங்கினால், இங்கே அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லூர்துத் தண்ணீர் பிடித்த எட்டு மாதா உருவப் போத்தலில் ஒன்று ஒழுகி, அத்தானுக்கு நீ தந்துவிட்ட சேட்டு ஊறிவிட்டது. "உடுக்கமுன்னமே மந்திரிச்சாச்சு" என்கிறார்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். புதுப் பாஸ்போட் தரவேண்டுமென்றால், பழையதை எங்கே, எப்போது கடைசியாய்ப் பார்த்தேன் என்று விவரமாய் எழுதவேண்டுமாம். அதை ஏற்றுக்கொண்டால்தான் புதியது. புதியது வந்தால்தான் அம்மாவின் கோப்பு நகரும். அதுவரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் போன வழியை எழுதுகிறேன். எங்கே விட்டேன் என்று நீயும் யோசி.

புறுசெல்சு நிலையத்தில் கக்கூசு வாசலில் தட்டு வைத்துக்கொண்டிருந்த மனுஷி, நான் பிரெஞ்சுக் காசைப் போட்டதற்குக் கத்தினாளே, அப்போது கைப்பையைத் திறந்தேன். ஆம்ஸ்ரடாமில் சைக்கிள்காரன் என்னை இடித்தபோது விழுந்தேன். நீ மயோனைஸ் பூசின உருளைக்கிழங்குப் பொரியலைக் கீழே போடாமல் ஒரு கையால் என்னைத் தூக்கினாய். பிறகு அந்த ரெயின். சூட்கேசை முன்பெட்டியில் வைத்துவிட்டு, நல்ல வெய்யில் என்று பின்பெட்டியில் போய் இருந்தோம். ஒரு சந்தியில் ரெயினை இரண்டாய்ப் பிரித்தார்கள். சூட்கேஸ் எங்களுக்கு முன்னம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. நீ அழுதாய், நான் சிரித்தேன். அடுத்த நாள் கொலோன் நிலையத்தில் தொலைந்த சாமான் அறைக் கிழவன் அதை எடுத்துத் தந்து, ஒவ்வொன்றாய்ப் பார்க்கச் சொன்னான். உன் சீனிச் சம்பல் போத்தல்கூடத் திறபடாமல் இருந்தது. முன்பின் தெரியாத மனிதர்கள், ஒரு நூல் தொடவில்லை.

கொலோன் கோவில் கோபுரத்தில் ஐந்நூறுக்கு மேல் படி. செபமாலை சொல்லிக்கொண்டு ஏறினோம், முந்நூறாம் படியில் நீ, "அக்கா, மிச்சத்தைக் கீழ இருந்து சொல்லுவம்" என்றாய். நினைக்க இப்போதும் சிரிப்பு வருகிறது. இத்தனைக்கும் பிறகு யூன் பதின்மூன்று காலையில், பாரிசில் உன் வீட்டில் இடுப்புத் துணிப்பையைத் திறந்தால், ரிக்கற் இருக்கிறது, அம்மாவின் படம் இருக்கிறது, பாஸ்போட் இல்லை.

அன்றைக்கு அந்தோனியார் திருநாள். நீதான் என்னைக் கோவிலுக்கு இழுத்துப் போய், "காணாமப் போனதை அவர் தேடித் தருவார் அக்கா, பதின்மூண்டு செவ்வாய் ஒருசந்தி இருப்பன் எண்டு நேருங்கோ" என்றாய். உன் கையாலேயே மெழுகுதிரி ஏற்றித் தந்தாய். வருகிற செவ்வாய் தொடங்குகிறேன். ஒருநேரச் சாப்பாடு, மச்சம் இல்லை.

பதில் உடனே போடு.

அன்புள்ள அக்கா
ஸ்ரெல்லா

*

லா கூர்னேவ்
18 யூலை 1997

ஆசை அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

எனக்கென்றால் புறுசெல்சுதான். அந்த மனுஷி கத்தின பதற்றத்தில் விட்டிருப்பீர்கள். அதையே எழுதிக் கொடுங்கள். பெரிதாய் யோசிக்கவேண்டாம் அக்கா, கிரிஷான் சொல்கிறார், தொலைந்தது என்று ஒரு கையெழுத்து வைத்தால் உங்கள் நாட்டில் இரண்டு கிழமையில் புதியது தருவார்களாம். எங்களுக்குத்தான் ஒரு கடதாசிக்கும் தவம் கிடக்கவேண்டும்.

செவ்வாய் ஒருசந்தியை விடாதீர்கள். இங்கே சரியான வெக்கை.

அன்புடன்
ஜெனுஷா

*

பிளாக்ஹவுஸ் பே
3 ஓகஸ்ட் 1997

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம், குளிர்தான் எலும்பைக் குடைகிறது. ஐந்து செவ்வாய் முடிந்தது. தொழிற்சாலையில் என்னோடு நிற்கிற தமயந்தி, "நீங்க டயட்டா அக்கா?" என்று கேட்கிறாள். மதுரைப் பிள்ளை, பாவம். ஆமா என்று அவளுடைய பாஷையிலேயே சொல்லிவிட்டேன்.

புறுசெல்சு இல்லை. உனக்கு எப்படி மறந்தது? அதற்குப் பிறகுதானே பாசல் எல்லை. அதிகாரி உன் பயணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவன், இருபத்தைந்து நிமிஷம் வரவில்லை. என்னுடையதைத் திறக்கவும் இல்லை, அட்டையைக் கண்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போனான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். ரெயின் வெளிக்கிட்ட பிறகு, "அக்கா, அதை ஒருக்காத் தாங்கோ, வைச்சிருந்து பாப்பம்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த நிலையம் வரைக்கும் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு உன்னைப் பார்க்கப் பாவமாய் இருந்தது. உனக்கும் ஒருநாள் கிடைக்கும் என்று சொன்னேன்.

இன்னும் கேள். லூர்தில் ஹோட்டல்காரன் அதைப் பார்த்துத்தான் அறை தந்தான். யூன் பதினொன்று காலையில் வங்கியில் காட்டித்தான் ட்ரவலர்ஸ் செக் மாற்றினேன். இரசீதில் தேதி இருக்கிறது. ஆகவே பதினொன்று காலைக்கும் பதின்மூன்று காலைக்கும் இடையில்தான். அந்த இரண்டு நாளும் நீ என் பக்கத்தைவிட்டு அசையவில்லை. நன்றாய் யோசித்து எழுது.

அம்மாவின் அறைக்குப் போன கிழமை மீண்டும் சோதனை. கண் தெரியாமல் தட்டுத் தடவித் துண்டைத் தேடும்போது ஒருவன் அதட்டினானாம். எனக்கு எழுதவில்லை, அன்ரிதான் எழுதியிருக்கிறா.

உன் அக்கா
ஸ்ரெல்லா

*

பாரிஸ்
12 செப்ரெம்பர் 1997

அக்காவுக்கு,

நலம். வேலை கூடிப்போனது, அதுதான் இவ்வளவு நாள் எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தர்சிகா இப்போது எங்களோடு இல்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டா. அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். மீதி பிறகு எழுதுகிறேன்.

ஜெனுஷா

*

பிளாக்ஹவுஸ் பே
5 ஒக்ரோபர் 1997

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சுகம்தானே?

பதின்மூன்று செவ்வாயும் முடிந்தது. ஒரு செவ்வாயும் தவறவில்லை. நேர்த்தி முடித்த அன்று அத்தான் கோழிக்கறி சமைத்துத் தந்தார். உப்பு இல்லை, சாப்பிட்டேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்கவேண்டும். லூர்தில் தீர்த்தத் தொட்டிக்கு வரிசையில் நின்றோம். இரண்டு மணித்தியாலம் நின்று வாசலுக்கு வந்ததும், "எனக்குச் சுகமில்லை அக்கா, நீங்கள் இறங்குங்கோ, நான் நிக்கிறன்" என்றாய். நான் திரைக்கு உள்ளே போனேன். அந்தப் பத்து நிமிஷமும் என் துணிப்பை யாரிடம் இருந்தது? இதற்கு மட்டும் பதில் எழுது. நினைவு வந்ததை வந்தபடி எழுது, என்னவாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் அக்கா
ஸ்ரெல்லா

*

லா கூர்னேவ்
22 ஒக்ரோபர் 1997

ஆசை அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நீங்கள் கேட்டது நன்றாய் நினைவிருக்கிறது. பையை நீங்கள் கழற்றவேயில்லை, இடுப்பில் கட்டியபடிதான் உள்ளே போனீர்கள். நான் உங்கள் சப்பாத்தை மட்டும்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு இன்னொன்றும் இப்போது நினைவு வருகிறது. லூர்திலிருந்து வந்து பாரிஸ் நிலையத்தில் இறங்கும்போது இரண்டு பொடியன்கள் உங்களை உரசிக்கொண்டு போனார்கள். ஒருவனுக்குச் சிவப்புத் தொப்பி. நான் அப்போதே உங்களிடம் சொல்ல நினைத்தேன். அவர்கள்தான் அக்கா, எனக்கு நிச்சயம். வேண்டுமென்றால் சாட்சியாய் எழுதித் தருகிறேன். உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை
ஜெனுஷா

*

பிளாக்ஹவுஸ் பே
6 நவம்பர் 1997

ஜெனுஷாவுக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தொட்டிக்குள் இறங்கும்போது என் உடம்பில் அவர்கள் சுற்றிவிட்ட ஈரத் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. கழுத்துச் சிலுவையைக்கூடக் கழற்றி, அந்தப் பையோடு சேர்த்து, உன் கையில்தான் தந்தேன். பத்திரம் என்று சொல்லித் தந்தேன். சிவப்புத் தொப்பியாம். தொப்பிக்கு நிறம் வேறு யோசித்திருக்கிறாய்.

போன கடிதம் எழுதும்போதே எனக்கு எல்லாம் தெரியும். உன் வாயாலேயே உண்மை வரட்டும் என்றுதான் கேட்டேன்.

பதின்மூன்றாம் செவ்வாய் முடிந்து ஒன்பதாம் நாள் பாஸ்போட் கந்தோரில் இருந்து கூப்பிட்டார்கள். அத்தானும் நானும் போனோம். ஒரு பெண் அதிகாரி. நல்ல மனுஷி, தேத்தண்ணி தந்தா. பிறகு ஒரு தாளை முன்னால் வைத்தா. என் பாஸ்போட்டின் பிரதி. யூலையில் ரொறன்ரோ விமான நிலையத்தில் ஒரு பெண்ணிடமிருந்து பிடித்ததாம். பெயர் என்னுடையது, பிறந்த தேதி என்னுடையது, மன்னார் என்னுடையது. முகம் தர்சிகாவுடையது. படத்தைக் கழற்றி வேறு படம் ஒட்டித் தலைமாத்துகிற வேலையை நன்றாய்த்தான் செய்திருக்கிறார்கள். அவள் போட்டிருந்தது நான் பின்னின கம்பளிச் சட்டை. உனக்கென்று கொண்டுவந்தது, அவள் குளிரில் நடுங்குகிறாள் என்று நீ அவளுக்குக் கொடுக்கச் சொன்னது. மேல் பொத்தான் தொலைந்து, கறுப்பில் ஒரு சதுரப் பொத்தான் தைத்திருந்தேனே, அது படத்தில் பளிச்சென்று தெரிகிறது.

"இந்தப் பெண்ணைத் தெரியுமா?" என்று அந்த மனுஷி கேட்டா. நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டா. நான் சொல்லும்வரைக்கும் விசாரணை முடியாது. விசாரணை முடியும்வரைக்கும் அம்மாவின் கோப்பு மூடித்தான் கிடக்கும். உண்மையைச் சொன்னால் அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் எழுதுவார்கள் என்கிறார் அத்தான். அவர் இப்போது பகிடி விடுவதில்லை.

எடுத்ததைக்கூட விடு. எடுத்த கையாலேயே மெழுகுதிரி ஏற்றி, என்னை முழந்தாளில் இருத்தி, பதின்மூன்று செவ்வாய் பட்டினி கிடக்கச் சொன்னாயே, அது எப்படி உனக்கு வந்தது? வேலைத்தலத்தில் தலை சுற்றி இரண்டு முறை நிலத்தில் இருந்துவிட்டேன், உனக்கு எழுதவில்லை. அந்தோனியார் என்னை ஏமாற்றவில்லை. தேடித் தந்துவிட்டார். எடுத்தவளையும் சேர்த்துத் தந்துவிட்டார்.

ஸ்ரெல்லா

*

லா கூர்னேவ்
25 நவம்பர் 1997

அக்கா,

என்ன சொல்லித் தொடங்குவதென்று தெரியவில்லை. நான்தான் எடுத்தேன்.

யூன் முப்பதுக்குள் தர்சிகா நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. கொழும்பில் கொண்டுபோய் இறக்கினால் அவளை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய தமையனை ஏற்கனவே ஒருமுறை பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்தவர்கள். அதுதான் கிரிஷான். அவர் இரவில் இன்றைக்கும் அலறி எழும்புகிறவர். "உம்மட அக்காவுக்கு ஒரு கையெழுத்தில புதுசு குடுப்பாங்கள், என்ர தங்கச்சிக்கு ஆர் குடுப்பினம்?" என்று ஒரு மாதமாய்க் கேட்டார். நான் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாசலில் அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்குப் பிறகு என் மனம் மாறிவிட்டது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்களுடையதை மடியில் வைத்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

நீங்கள் திரைக்கு உள்ளே போனதும் எடுத்து என் சட்டைக்குள் வைத்தேன். நீங்கள் தண்ணீருக்குள் இருந்து வந்து, "உனக்காகவும் மண்டாடினனான்" என்று சொன்னீர்கள். அப்போதே தந்திருக்கலாம். தரவில்லை. நான் தொட்டிக்குள் இறங்காததும் அதனால்தான். பயமாய் இருந்தது.

அந்தோனியாரை வேண்டுமென்று சொல்லவில்லை அக்கா. நீங்கள் அழுதீர்கள். ஏதாவது சொல்லவேண்டியிருந்தது, வாயில் அது வந்துவிட்டது. பிறகு திருத்த வழி தெரியவில்லை.

நான் கேட்டிருந்தால் நீங்கள் தந்திருக்கமாட்டீர்கள்.

தயவுசெய்து எங்கள் பெயரைச் சொல்லவேண்டாம். சொன்னால் கிரிஷானின் விசாவும் போகும், என்னுடையதும் போகும். தர்சிகாவின் வழக்கு அங்கே இப்போதுதான் எடுபட்டிருக்கிறது. உங்கள் காலில் விழுகிறேன்.

ஜெனுஷா

*

பிளாக்ஹவுஸ் பே
8 மார்ச் 1998

ஜெனுஷாவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கேட்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

ஓம், கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டேன். அம்மாவின் பேப்பர் அதில் தொங்குகிறது என்று முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதியிருந்தேன். உன்னை இருத்தி வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசியிருப்பேன், கிரிஷானையும் பேசியிருப்பேன். பிறகு தர்சிகாவுக்காக இங்கே வக்கீல் யாராவது இருக்கிறார்களா என்று தேடி அலைந்தும் இருப்பேன். கிடைத்திருக்குமோ தெரியாது. அதற்கு நீ எனக்கு இடம் தரவில்லை.

டிசெம்பர் மூன்றாம் தேதி அந்தக் கந்தோருக்குத் திரும்பப் போனேன். தாளை முன்னால் வைத்து மறுபடியும் கேட்டா, இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். என் கம்பளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்றேன். பாரிஸ் நிலையத்தில் இரண்டு பொடியன்கள் உரசினார்கள், ஒருவனுக்குச் சிவப்புத் தொப்பி என்றும் சொன்னேன். உன்னுடைய பொய்யைத்தான் கடன் வாங்கினேன், எனக்குச் சொந்தமாய்ப் பொய் சொல்லத் தெரியாது. அதை எழுதி, சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். எங்கள் கடைத்தெரு மருந்துக்கடைக்காரர்தான் இங்கே சமாதான நீதவானாய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர். ஏழு வருஷமாய் என்னை நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர். "பொய்யென்றால் தண்டனை உண்டு, தெரியும்தானே?" என்று வழமையாய்க் கேட்பதைக் கேட்டார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போவதில்லை. மகளைத்தான் அனுப்புகிறேன்.

உனக்காக வைத்த கையெழுத்து என்று நினைக்காதே. அம்மாவுக்காக வைத்தது. நீ தப்பியது அதோடு சேர்ந்து நடந்தது.

புதுப் பாஸ்போட்டும் வந்து, கோப்பும் திறந்து, அம்மா போன மாதம் பதினான்காம் தேதி வந்து சேர்ந்துவிட்டா. டொக்டர் பார்த்தார். வலக்கண் இனிச் சரிவராதாம், வெண்படலம் முற்றி உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னம் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். இடக்கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும், வெட்டினால் கொஞ்சம் தெளியலாம் என்கிறார், வெட்டுவதற்கு வரிசையில் இருக்கிறோம். மகளின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, "ஜெனுஷாட மூக்கு" என்றா. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

வேலையால் வந்து பின்னேரத்தில் நான் பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "நீங்கள் ரெண்டு பேரும் ஊர் சுத்தின கதையைச் சொல்லு." சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு எல்லாம் பாடம். கக்கூசுக்காரி வரமுன்னமே சிரிக்கத் தொடங்கிவிடுவா. சூட்கேஸ் தனியாய் ஜெர்மனிக்குப் போன இடத்தில் நான் ஒரு சொல்லை விட்டாலும் பிடிப்பா. முந்நூறாம் படியில் நீ சொன்னதை உன் குரலில் சொல்லச் சொல்லுவா. சொல்கிறேன். எனக்கு உன் குரல் நன்றாய் வரும்.

லூர்து வந்ததும், எனக்காக இறங்கினியோ என்று கேட்டு என் கையைப் பிடிப்பா. ஓம் என்பேன். "ஜெனுஷாவும் இறங்கினவளோ?" என்பா. ஓம் என்பேன். "பிறகு?" என்பா. பிறகு ஒன்றும் இல்லை அம்மா, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். இருபது நாளாய் இப்படித்தான்.

ஏன் ஜெனுஷா ஒரு கடிதமும் போடுகிறாள் இல்லை என்றும் கேட்கத் தொடங்கிவிட்டா. ஆகவே எழுது. எனக்கு வேண்டாம். உறையில் அம்மாவின் பெயரைப் போட்டு, லூர்துக்குப் பிறகு நடந்ததை நீயே எழுது. அம்மாவுக்குக் கண் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பேன்.

ஸ்ரெல்லா